அப்பாவுக்குச் சொன்ன படம்

பெரியவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அதனால்தான் ஒரே வாரத்தில் இரண்டு பொய்களைச் சொல்லிவிட்டு, எது எப்போது வெளியே வந்து விழுமோ என்று பயந்துகொண்டே அலைந்தாள்.

தங்கையிடம் போனில் சொன்னது: "சனிக்கிழமை மத்தியானம் அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில செக்கப். அவர் மண்டபத்துக்கு வரமாட்டார். நீ தைரியமாப் பேசு."

அப்பாவிடம் சொன்னது: "நாலு படம் போடறோம்ப்பா. எல்லாம் யார் யாரோ எடுத்தது. சும்மா வந்து உட்காருங்க."

இன்று சனிக்கிழமை.

நூலகத்தில் வேலை பார்க்கும் பெரியவள் இந்த அனிமேஷன் பட விழாவுக்காக யார் யார் காலைப் பிடித்தாள் என்பது இந்தத் தொடரோடு இத்தனை வாரமாக உடன் வருகிறவர்களுக்குத் தெரியும். அவள் கேட்டது ஒன்றும் பெரிய விஷயமில்லை. அழைப்பு அட்டை வைத்திருப்பவர்கள் மட்டும் நுழைகிற நகர மண்டபத்தின் கதவை ஒரு வாரம் எல்லாருக்கும் திறந்து வைக்க வேண்டும். மண்டபத்துக்கு வர முடியாதவர்கள் இருக்கும் இடத்துக்குப் படம் போக வேண்டும்.

போயிற்று. பஸ் டிப்போவில் ஒரு பஸ்ஸின் பக்கவாட்டில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார்கள். கை முழுக்க கிரீஸோடு உட்கார்ந்திருந்த மெக்கானிக்குகள், ஓர் ஆமை ரயிலைத் துரத்தும் படத்தை "இன்னொரு தடவை போடுங்க" என்று அடம்பிடித்துப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் படுத்தபடியே பார்க்கட்டும் என்று கூரையிலேயே காட்டினார்கள். கால் முழுவதும் கட்டுப் போட்ட ஒரு சிறுமி, திமிங்கிலம் தலைக்கு மேலே நீந்திப் போனபோது போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

இன்றைக்கு மண்டபத்திலேயே, பார்வையற்றவர்களுக்காக ஒரு காட்சி. திரையில் நடப்பதை ஒருவர் மைக்கில் சொல்லச் சொல்ல அவர்கள் கேட்பார்கள். மண்டபத்துச் செயலாளர் இதைக் கேட்டதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார்.

"கண்ணு தெரியாதவங்களுக்குப் பொம்மைப் படமா? ஏம்மா, விளையாடறியா?"

"அவங்களுக்கும் கதை பிடிக்கும் சார்."

"நாற்காலி காலியா இருந்துச்சுன்னு வையி, அடுத்த வருஷம் இந்த விழாப் பேச்சே எடுக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

அந்த நாலு படங்களில் கடைசிப் படம் அவள் தங்கை எடுத்தது.

தங்கைக்கு வீட்டில் பெயர் கிறுக்கி. சுவர், தரை, அரிசி டப்பா, அப்பாவின் காக்கிச் சட்டை முதுகு என்று எதுவும் மிச்சமில்லாமல் கிறுக்கியதால் அப்பாவே வைத்த பெயர். அம்மா இறந்துபோனபோது கிறுக்கிக்கு நாலு வயது, பெரியவளுக்குப் பத்து. பஸ் டிரைவரான அப்பா இரண்டு பெண்களையும் தனியாக வளர்த்தார். கிறுக்கி எதை வரைந்தாலும் முதலில் ஓடி வந்து காட்டுவது அவரிடம்தான். பிறகு வளர்ந்தாள். தூர ஊரில் ஒரு ஸ்டூடியோவில் வேலை கிடைத்துப் போனாள். சர்க்கரை நோய் அப்பாவின் கண்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று முடித்த பிறகு, அவள் வீட்டுப் பக்கம் வரவே இல்லை. போனில் மட்டும் "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்பாள். அப்பாவும் "ஆச்சும்மா, ஆச்சு" என்பார். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வராது. போனை வைத்த பிறகும் அப்பா அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

விழாவுக்கு வந்த படங்களுக்கு நடுவே அவள் படம் இருந்ததையும், பெரியவள் கதவைச் சாத்திக்கொண்டு அதைப் பார்த்ததையும் போன வாரம் சொன்னோம். "அப்பாகிட்ட சொல்லாதே அக்கா, அவரால பார்க்க முடியாது, வீணா மனசு கஷ்டப்படும்" என்று கிறுக்கி கெஞ்சினாள். படம் முடிந்ததும் போன் வழியாகப் பார்வையாளர்களோடு பேச மட்டும் சம்மதித்தாள்.

காலையில் ஒத்திகை. படங்களைச் சொல்லப் போகிறவர் உள்ளூர் வானொலியில் செய்தி வாசிப்பவர். எல்லாரும் வானொலிக்காரம்மா என்றே கூப்பிடுவார்கள். வெண்ணெய் மாதிரி குரல். முதல் மூன்று படங்களையும் தடங்கல் இல்லாமல் சொல்லி முடித்துவிட்டு, நாலாவதை ஆரம்பித்தார்.

"மழை. ஒரு பஸ். கடுகடுப்பான முகத்தோடு ஓர் ஓட்டுநர்..."

"கடுகடுப்பு இல்லீங்க," என்றாள் பெரியவள். "கியர் மாத்தும்போது உதட்டைக் கடிச்சுக்குவார். அதான் அப்படித் தெரியுது."

"சரி. உதட்டைக் கடிக்கிறார். பின்னால் ஒரு சிறுமி, கலைந்த தலையோடு..."

"கலையலை. ரெட்டைப் பின்னல். ஒரு பக்கம் மட்டும் ரிப்பன் அவிழ்ந்திருக்கு."

வானொலிக்காரம்மா சொல்வதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "உங்களுக்கு இவங்களைத் தெரியுமா?"

பெரியவள் சொல்லிவிட்டாள். படத்தைப் பற்றியும் அப்பாவைப் பற்றியும் தன் இரண்டு பொய்களைப் பற்றியும்.

"அப்போ நீங்களே சொல்லுங்களேன் இந்தப் படத்தை."

"ஐயோ, நானா? எனக்கு மைக்கைக் கண்டாலே குரல் எழும்பாது. நூலகத்துல 'சத்தம் போடாதீங்க'ன்னு சொல்றதைக் கூட நான் மெதுவாத்தான் சொல்வேன்."

வானொலிக்காரம்மா சிரித்தார். ஆனால் பெரியவள் பயந்தது மைக்குக்கு மட்டுமல்ல. அந்தப் படத்தை அவள் எத்தனையோ தடவை பார்த்துவிட்டாள். அதில் அப்பா இருக்கிறார், கிறுக்கி இருக்கிறாள், பஸ் இருக்கிறது, தெருமுனை பேக்கரியின் பெயர்ப்பலகை கூட இருக்கிறது. பெரியவள் இல்லை. ஒரு ஓரத்தில், ஒரு ஜன்னலில், ஒரு நிழலாகக் கூட இல்லை.

மத்தியானம் மாப்பிள்ளை அப்பாவைக் காரில் அழைத்து வந்தார். பெரியவளின் கணவர் மருந்துக் கடை வைத்திருப்பவர்; மாமனாரை ஏற்றிக்கொண்டு கார் ஓட்டுவதை விடப் பரீட்சை எழுதுவது மேல் என்பார். இறங்கும்போதே அவருக்கு வியர்த்திருந்தது.

"அந்தத் திருப்பத்துல செகண்ட் கியருக்கு வந்திருக்கணும் மாப்பிள்ளை. வண்டி முனகுச்சு, கேட்டீங்களா?"

"கேட்டேன் மாமா."

"கேட்டுட்டும் மாத்தலைன்னா எப்படி?"

பெரியவள் அப்பாவின் கையைப் பிடித்து உள்ளே நடத்திப் போனாள். சலவை செய்த சட்டை, படிய வாரிய தலை. கல்யாண வீட்டுக்கு வருவது போல வந்திருந்தார்.

"கூட்டம் இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. வெள்ளைக் கைத்தடிகளோடும், தோளைப் பிடித்துக்கொண்டும், வீட்டு ஆட்களோடும் வந்துகொண்டே இருந்தார்கள். முன்வரிசை நிறைந்து, நடுவரிசை நிறைந்து, பின்னால் போடுவதற்காகச் செயலாளரே நாற்காலி தூக்கிக்கொண்டு வந்தார். "இத்தனை பேர் இந்த ஊர்ல இருக்காங்களா?" என்று யாரையும் பார்க்காமல் முணுமுணுத்தார்.

அப்பாவை முதல் வரிசையில் ஓர நாற்காலியில் உட்கார வைத்து, பக்கத்து நாற்காலியில் தன் பையை வைத்தாள்.

படங்கள் ஓடின. வானொலிக்காரம்மாவின் குரலுக்கு மண்டபம் அப்படியே கட்டுப்பட்டது. ஆமை வழுக்கி விழுந்ததைச் சொன்னபோது, அது விழுந்து முடிப்பதற்குள் சிரிப்பு எழுந்தது. அப்பாவும் தொடையில் தட்டிச் சிரித்தார். நாலாவது படம் ஆரம்பித்தது.

இருட்டுத் திரை. மழைச் சத்தம். ஓர் எஞ்சின் இருமி, திணறி, உயிர் பெற்றது.

"மழை. ஒரு பஸ்..." என்று தொடங்கினார் வானொலிக்காரம்மா.

அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"இது என் வண்டி," என்றார்.

பின்னால் இருந்தவர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அப்பா உட்காரவில்லை. "என் வண்டிங்க இது! ரெண்டாவது கியர்ல ஒரு இழுப்பு இழுக்கும், பாருங்க, இதோ... இந்தச் சத்தம் வேற எந்த வண்டிக்கும் வராது. பெரியவளே! எங்கேம்மா இருக்கே? யார் எடுத்த படம் இது?"

வானொலிக்காரம்மா நிறுத்திவிட்டார். திரையில் பஸ் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கண் தெரிந்தவர்கள் எல்லாரும் திரையை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தார்கள். மண்டபத்தின் பக்கவாட்டில் பெரியவள் நின்றிருந்தாள்.

அங்கிருந்து கிளம்பினாள். நேராகப் போய் வானொலிக்காரம்மாவின் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"படத்தை நிறுத்துங்க," என்றாள். அவள் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டதில் அவளே திடுக்கிட்டாள். "முதல்லேர்ந்து போடுங்க. எல்லாரும் மன்னிக்கணும்."

"நாங்க ஒண்ணும் பஸ்ஸைப் பிடிக்க ஓடலை, மெதுவாப் போடுங்க," என்றது நடுவரிசையில் ஒரு குரல். சிரிப்பு.

பெரியவள் அப்பாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தாள். மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "கிறுக்கி எடுத்த படம்ப்பா."

அப்பா மெல்ல உட்கார்ந்தார்.

"சொல்லு," என்றார்.

மறுபடியும் மழை. மறுபடியும் எஞ்சின்.

"விடியற்காலைப்பா. தெருவிளக்கு இன்னும் அணையலை. நீங்க ஓட்டறீங்க. காக்கிச் சட்டை, முதுகுல ஒரு பூனை கிறுக்கியிருக்கு, உங்களுக்குத் தெரியாது. உங்களுக்குப் பின்னால முதல் சீட்ல கிறுக்கி. கால் தரைக்கு எட்டலை. ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி படிஞ்சு வெள்ளையா இருக்கு. விரலால வரையறா. ஒரு மீன். ஒரு குடை. அடுத்தது... நாலு கால். குதிரை."

அவள் நூலகத்தில் பேசுகிற மாதிரி மெதுவாகத்தான் பேசினாள். மண்டபம் அந்த மெதுவுக்குக் காது கொடுத்தது.

"மீன் கண்ணாடியை விட்டு வெளியே குதிச்சிடுச்சு. பஸ் கூடவே மழையில நீந்தி வருது. குடை விரிஞ்சு ஒரு கிழவர் தலைக்கு மேல போய் நிக்குது. குதிரை ரோட்டுல ஓடுது. நீங்க பக்கத்துக் கண்ணாடியில பார்க்கறீங்க. உங்க புருவம் ரெண்டும் மேல போகுது. ஹாரன் அடிக்கறீங்க."

திரையில் ஹாரன் ஒலித்தது. அப்பாவின் உள்ளங்கை அவள் கைக்குள் ஹாரனை அமுக்குவது போல அழுந்தியது.

ஸ்டாப் ஸ்டாப்பாகப் பஸ் நின்றது. ஆட்கள் ஏறினார்கள். ஒவ்வொருவரும் முகம் வரையாத வெறும் சட்டையும் தொப்பியும் மட்டும். பெரியவளுக்கு ஒரு நிமிஷம் ஆசை வந்தது. ஏறுகிறவர்களில் ஒருத்தியை, பள்ளிக்கூடப் பையோடு, கிறுக்கிக்கு அக்கா மாதிரி ஒருத்தியைச் சொல்லிவிட்டால் என்ன? இந்த மண்டபத்தில் பாதிப் பேருக்குத் தெரியப் போவதில்லை. அப்பாவுக்கும் தெரியாது. அவர் மனதில் ஓடுகிற பஸ்ஸில் அவளும் ஏறிக்கொள்ளலாம்.

நாக்கு நுனி வரை வந்தது.

"ரெண்டு பேர் ஏறறாங்க," என்றாள். "யாருன்னு தெரியலை. தொப்பி போட்ட ஆம்பிளைங்க."

கடைசி நிறுத்தம் வந்தது. மழை விட்டிருந்தது. பஸ் காலி. டிரைவர் ஒரு துணியை எடுத்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். துடைக்கத் துடைக்க, வெளியே மிதந்த மீன் மறைந்தது, குடை மறைந்தது. குதிரை மட்டும் கடைசி ஜன்னலுக்குத் திரும்பி வந்திருந்தது. துணியோடு கை மேலே போனது. நின்றது.

"துணியை மடிக்கறீங்கப்பா. பையில வச்சுக்கறீங்க. கிறுக்கியைத் தோள்ல தூக்கிட்டு இறங்கிப் போறீங்க. குதிரை கண்ணாடியிலேயே இருக்கு. உங்களையே பார்த்துட்டு இருக்கு. அவ்வளவுதான். முடிஞ்சிடுச்சு."

முதலில் ஒருவர் கை தட்ட, எல்லாரும் தட்டினார்கள். வானொலிக்காரம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனை ஒலிபெருக்கியில் இணைத்துக் கொடுத்தார்.

"வணக்கம்," என்றது கிறுக்கியின் குரல், கூச்சமாக, மண்டபத்தின் நாலு மூலையிலிருந்தும். "படம் பார்த்த... கேட்ட எல்லாருக்கும் நன்றி. ஏதாவது கேக்கணும்னா கேளுங்க."

அப்பா கையை நீட்டினார். பெரியவள் மைக்கை அந்தக் கையில் வைத்தாள்.

"நான் எல்லாக் கண்ணாடியையும் துடைச்சேனேம்மா," என்றார் அப்பா. "துடைக்காம டிப்போவுக்குள்ள விட்டா சூப்பர்வைசர் கத்துவான். ஒண்ணைக் கூட நான் விட்டு வச்சதில்லையே."

மறுமுனையில் கிறுக்கி அந்தக் குரலைக் கண்டுகொண்டாள்.

"அப்பா?"

"ம்."

"நீங்க... இன்னிக்குச் செக்கப் இல்ல?"

"எனக்கா? யாரு சொன்னா?"

"அக்கா!" என்று ஒலிபெருக்கி அலறியது. மண்டபமே சிரித்தது. பெரியவள் முகம் சிவந்து போய், "திட்டறதா இருந்தா அப்புறம் தனியாத் திட்டு," என்றாள்.

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது. கிறுக்கி பேசியபோது குரல் மாறியிருந்தது.

"துடைச்சீங்கப்பா. எல்லாத்தையும் துடைச்சீங்க. ஆனா ஒவ்வொண்ணையும் நின்னு பார்த்துட்டுத்தான் துடைப்பீங்க. 'என்னம்மா இது, நாயா'ன்னு கேப்பீங்க. 'குதிரைப்பா'ன்னு நான் கோவிச்சுக்குவேன். 'ஓ, ஆமாமா, குதிரைதான்'னு தலையைச் சாய்ச்சுப் பார்ப்பீங்க. நீங்க அப்படி நிக்கறதை எனக்கு வரையவே வரலை. எத்தனை தடவை வரைஞ்சு கிழிச்சுப் போட்டேன் தெரியுமா? அதான் ஒண்ணைத் துடைக்காமலே விட்டுட்டேன்."

அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கிறுக்கி சொன்ன அதே சாய்ப்பு. பெரியவள் அதைப் பார்த்தாள். போனில் இருப்பவளால் பார்க்க முடியாதே என்று நினைத்தாள்.

"எப்போம்மா வர்றே?"

"வந்து என்னப்பா பண்றது?" கிறுக்கியின் குரல் உடைந்தது. "சின்ன வயசுலேர்ந்து நான் எதை வரைஞ்சாலும் உங்ககிட்டத்தானே ஓடி வருவேன். இப்ப வந்தா உங்க முன்னாடி வெறுங்கையோட நிக்கணும். எனக்கு அது முடியலை."

"வெறுங்கையா? இப்பத்தானே பார்த்தேன். மீன் நீந்துச்சு. குடை போய் அந்தக் கிழவன் தலைக்கு மேல நின்னுச்சு. இனிமே நீ என்ன வரைஞ்சாலும் பெரியவ எனக்குச் சொல்லுவா. நீ வந்தாப் போதும்." அப்பா சட்டென்று பக்கத்தில் திரும்பினார். "ஆமா, படத்துல நீ எங்கேம்மா இருந்தே? சொல்லவே இல்லையே?"

பெரியவள் சிரிக்கப் பார்த்தாள். "நான் இல்லப்பா அதுல."

"இல்லாம எப்படி?"

"பஸ்ல நான் வரமாட்டேனே. நீங்க ரெண்டு பேரும்தானே கிளம்பிப் போவீங்க."

ஒலிபெருக்கியில் கரகரவென்று ஒரு சத்தம். பிறகு கிறுக்கி பேசினாள். இப்போது அவள் மண்டபத்தோடு பேசவில்லை.

"அக்கா, உன்னை வரைய உட்கார்ந்தேன். நிஜமா. என் தலையைப் பின்னி, ரிப்பன் கட்டி, வாசல் வரைக்கும் கொண்டு வந்து விடுவே. அது வரைக்கும் வரைஞ்சேன். அதுக்கப்புறம் கதவைச் சாத்திடுவே. உள்ள நீ என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கும். உனக்கு அப்போ பத்து வயசுதானே? கதவு வரைக்கும் வந்து பென்சில் நின்னுடுச்சு. நாங்க போனதுக்கப்புறம் அந்த வீட்டுல தனியா நீ என்ன பண்ணுவே அக்கா?"

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. கணவர் கூடக் கேட்டதில்லை. அவருக்கு அப்படி ஒரு விடியற்காலை இருந்ததே தெரியாது. சுவர் ஓரத்தில் நின்றிருந்த மாப்பிள்ளை இப்போது ஓர் அடி முன்னால் வந்தார்.

அப்பாவின் கை அவள் கைக்குள் அசையாமல் கிடந்தது. "நானும் கேட்டதில்ல," என்றார் மைக்குக்கு எட்டாத குரலில். "சமர்த்தா இருப்பேன்னு நினைச்சுக்கிட்டேன். நிஜமா என்னம்மா பண்ணுவே?"

பெரியவளுக்கு அந்த வீட்டின் சமையலறை ஞாபகம் வந்தது. விளக்குப் போடாமல் அவள் உட்கார்ந்திருந்த மூலை. அங்கே அவள் செய்துகொண்டிருந்த காரியம். அதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்றில்லை, கேட்க ஆள் வந்ததில்லை.

அப்பாவின் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"சொல்றேன்," என்றாள். "ஆனா போன்ல சொல்ல மாட்டேன். நீ வந்து என் எதிர்ல உட்காரு, பென்சிலை எடு. அப்போ சொல்றேன்."

மண்டபம் காத்திருந்தது. செயலாளர் கூட மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒலிபெருக்கியையே பார்த்தார். மறுமுனையில் நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டுப் பின்னால் போகிற சத்தம் கேட்டது.

"எந்திரிச்சுட்டா, கிளம்பறா," என்றார் அப்பா.